புகழ்ந்தால் உளுக்கும் மரம்

நாணற்பாடியில் மரத்தைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு எப்போது வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது மகாராஜா காலத்து வழக்கம் என்பார்கள். பொய். அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, என் மரக்கிடங்கில், என் கண் முன்னால் வந்தது. அதைக் கொண்டுவந்தது இசைச்சபா செயலாளர் வேதமூர்த்தியின் வாய்.

என் பெயர் தையல்நாயகி. வீணை செய்கிற சோமாஸ்கந்த ஆசாரியின் மனைவி. வீணை செய்வது அவர் வேலை, அதற்கான மரத்தைக் காப்பது என் வேலை. செய்கிறவருக்குச் சபையில் பொன்னாடை போர்த்துவார்கள். காப்பவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள், நானும் கேட்டதில்லை. பலாமரத்தைத் தேய்பிறையில் வெட்டவேண்டும், வளர்பிறையில் வெட்டினால் உள்ளே பால் நிற்கும், பால் நின்றால் வண்டு வரும். வெட்டியவுடன் பட்டையை உரித்து, வெளிச்சுற்றில் இருக்கிற வெள்ளையை வாச்சியால் செதுக்கி எறியவேண்டும், வண்டுக்கு அந்த வெள்ளைதான் பந்திச்சாப்பாடு. அப்புறம் ஆறு மாதம் குளத்தில் ஊறப்போட்டு, எடுத்து, நிழலில் அடுக்கி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே காற்றுப்போக சட்டம் கொடுத்து, இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, மாதம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவி, தினமும் அடியில் கூட்டித் துடைத்து வைக்கவேண்டும். கூட்டிய தரையில் மறுநாள் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கிடந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் பொன்னாடைக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்குக் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேதமூர்த்தி சென்னையிலிருந்து வந்த இரண்டு ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்கு வந்தார். வாய் சர்க்கரை, கை கொக்கரை என்று சொல்வார்களே, பேச்சு இனிக்கும், கை எதையும் கொடுக்காது, அந்தப் பழமொழிக்குக் கை கால் முளைத்து ஜிப்பா போட்டால் அவர்தான். எதைப் பார்த்தாலும் புகழ்வார். மோரைக் கொடுத்தால் மோரைப் புகழ்வார், டம்ளரைப் புகழ்வார், டம்ளரைக் கழுவிய தண்ணீரையும் விடமாட்டார். அன்றைக்கு அடுக்கில் இருந்த ஏழு பலாத்துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“அடடா, என்ன மரம்! தேவலோகத்து மரம்! இதுல தெரியுற ரேகை ஒண்ணொண்ணும் ஒரு ராகம்!”

மூலையில் கோணிச் சாக்கு போர்த்திக் கிடந்த எட்டாவது துண்டின்மேல் கை வைத்து, “அம்மா, இது...” என்று இழுத்தார்.

“அதுவா? அது விறகு,” என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, வழக்கப்படி குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிவந்தோம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைமேல் யார் கண் படும்? தவிட்டம்மாள் என்று பேர் வைத்தோம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அந்த நாளிலிருந்து அவளைப் பற்றி யார் நல்லது பேசினாலும் ‘அது கிடக்குது கழுதை’ என்று முந்திக்கொண்டு சொல்வது என் நாக்கின் வேலை. அந்த எட்டாவது துண்டு அவளுக்காக வைத்திருந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது வெட்டியது. குடமும் தண்டியும் ஒட்டுப்போடாமல் ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணைக்கு அகலம் போதுமான துண்டு எங்கள் கிடங்கில் அது ஒன்றுதான்.

வேதமூர்த்தி மோரைக் குடித்து முடிக்கவில்லை. அடுக்கிலிருந்து நெல் புடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஏழு துண்டுகளும் இருந்த இடத்திலேயே மஞ்சள் தூளாகச் சரிந்தன. தூளுக்குள்ளிருந்து அரிசிப் பருமனில் கறுப்பு வண்டுகள் வெளியே வந்து, ஜன்னல் வழியாக வரிசையாகப் பறந்துபோயின. மூலையில் விறகு மட்டும் அப்படியே கிடந்தது. நான் விளக்குமாறை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன், வேறு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செயலாளர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்து, “அடடா, என்ன அருமையான தூள்!” என்றார்.

அந்த வாரமே ஊரெல்லாம் ஆரம்பித்தது. மேலத்தெருவில் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, “வீணை லட்சணமா இருக்கே,” என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைக் கடித்தாள், இரண்டாவது பஜ்ஜியை எடுப்பதற்குள் தந்தியும் பித்தளை மெட்டும் தரையில் கிடந்தன, வீணையைக் காணோம். வீணை ஆசாரிகள் சங்கத்து வாசலில் ‘உலகப் புகழ்பெற்ற நாணற்பாடி வீணை’ என்று எழுதியிருந்த மரப்பலகை காலையில் தூளாகி, பெயின்ட் எழுத்து மட்டும் காய்ந்த தோலாக மண்ணில் கிடந்தது. ஆக, வாயால் சொன்னாலும் எழுதி வைத்தாலும் வண்டுக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. மனசுக்குள் நினைத்தால் ஒன்றும் ஆகவில்லை. கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நின்று சொன்னாலும் ஆகவில்லை. பொய்யாகப் புகழ்ந்தாலும் மரம் போனது, இகழ்ச்சி எவ்வளவு பொய்யாக இருந்தாலும் மரம் நின்றது. வண்டுக்குக் காது உண்டு, மனசு படிக்கத் தெரியாது. எங்கள் ஊர் ரசிகர்களும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் இது பெரிய அதிசயமாகப் படவில்லை.

சபாவில் கூட்டம் போட்டார்கள். வண்டு எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஒருத்தன் கேட்கவில்லை. யார் தலைமை தாங்குவது என்பதில் இரண்டு மணி நேரம் போனது. கடைசியில், ஊரில் உள்ள எல்லா மரத்தையும் நாள்தோறும் முறைவைத்துத் திட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து கிடங்குகளின் வாசலில் நின்று, “கட்டையே, மட்டையே, அடுப்புக்கும் ஆகாத சனியனே,” என்று அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றே மாதத்தில் அதிலும் பாணி வந்துவிட்டது. கீழத்தெருப் பாணி இழுத்துத் திட்டுவது, மேலத்தெருப் பாணி சுருக்கென்று குத்துவது. நன்றாகத் திட்டியவருக்கு ‘வசவுமணி’ என்று பட்டம் கொடுத்தார்கள், பட்டத்தைத் தேக்குப் பலகையில் செதுக்கி, பலகையை எல்லோரும் வியந்து பேசி, மேடையிலேயே தூளாக்கினார்கள். தேரோட்டத்தன்று தேரைத் திட்டிக்கொண்டே வடம் பிடித்தோம், சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பங்காளித் தகராறில் தம்பிக்காரன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, “என்ன கதவு, என்ன நிலை, என்ன உத்திரம்!” என்று கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனான். அண்ணன் குடும்பம் நாலு நாள் வெட்டவெளியில் சமைத்தது.

ஆனால் நான் மறக்கமுடியாதது கலியபெருமாள் ஆசாரி செய்த கூத்து. எங்களைவிட மூன்று பங்கு மரம் வைத்திருந்தவர். ஒருநாள் நான் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா தையலு, இன்னமுமா வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு இருக்கே? நாலு திட்டு திட்டுனா முடிஞ்சுதுல்ல?”

“நான் தடவிக்கிட்டேதான் திட்டுறேன், அண்ணே.”

“பைத்தியம்,” என்றார்.

ஊரில் பாதிப்பேர் அவர் வழியில்தான் போனார்கள். வெள்ளையைச் செதுக்குவதை விட்டார்கள், குளத்தில் ஊறப்போடுவதை விட்டார்கள், வளர்பிறை தேய்பிறை பார்ப்பதை விட்டார்கள். திட்டினால் போதுமே! அடுத்த மாரிக்காலம் முடிந்ததும் சாதா வண்டு வந்தது, நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற, புகழுக்கும் இகழுக்கும் காது கொடுக்காத, பால் உள்ள மரத்தைக் கண்டால் தின்கிற வெறும் வண்டு. கலியபெருமாள் வாசலில் நின்று, பாட்டி முப்பாட்டி எல்லாரையும் இழுத்து அதைத் திட்டினார். அது பாட்டுக்குத் தின்றது. பங்குனியில் அவர் கிடங்கில் தட்டினால் டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம்தான் கேட்டது. அதன்பிறகும் அவர் எண்ணெய் வாங்கவில்லை, சரியான வசவு இன்னும் கிடைக்கவில்லை என்று புதிய வசவு தேடிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஊரில் நான் குடித்தனம் பண்ணினேன்.

மூலையில் கிடந்த விறகை நான் எட்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். எண்ணெய் தடவினேன், புரட்டிப் போட்டேன், காது வைத்துக் கேட்டேன், கேவலமாகத் திட்டினேன். என் மகளும் அதே கிடங்கில்தான் சாதகம் செய்தாள், ஓசி வாங்கிய ஒரு பழைய வீணையில். அவள் ஒரு கமகத்தை நூறு தடவை வாசித்துச் சரிசெய்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் விறகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, “போதும், காது வலிக்குது,” என்பேன். மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன சொல்லமுடியும்? அவள் தலையைக் குனிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் விறகைக் குடைந்து வீணை செய்தார். குடம் குடைந்து, யாளிமுகம் வைத்து, மெழுகில் மெட்டுக் கட்டி முடித்த அன்று, நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தவிட்டம்மாள் ஏழு தந்தியையும் ஒருமுறை மீட்டினாள். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “சனியன்,” என்றார்.

சபாவில் அவள் கச்சேரி என்று முடிவானது. ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள், ஆனால் கச்சேரி முடிந்ததும் செயலாளர் பேசவேண்டும், அது சபாவின் வழக்கம், அதை விடச் சொன்னால் அவர் உயிரை விடுவார். ஒன்பது வருஷமாக மற்றவர்களுக்கெல்லாம் திட்ட வந்தது, அவருக்கு மட்டும் வரவில்லை. அவர் வாயால் மூன்று தம்புராவும் ஒரு கடமும் போயிருந்தன. கடம் மண் என்றாலும் அதை வைத்திருந்த மரப்பெட்டியைப் புகழ்ந்திருக்கிறார். இந்த வீணை போனால் இன்னொன்றுக்கு மரம் இல்லை. மரம் கிடைத்தாலும் பதம் வர இன்னும் பத்து வருஷம் ஆகும், அதற்குள் என் பெண்ணின் கை யாருடைய அடுப்படியில் இருக்குமோ.

அதனால் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, தினமும் காலையில் அவரைக் கிடங்குக்கு வரச்சொல்லி, ஒரு பழைய முக்காலியை முன்னால் வைத்துப் பழக்கினேன்.

“ஐயா, இதைப் பார்த்து ஒரு வார்த்தை கெட்டதா சொல்லுங்க.”

“இது... இது ஒரு எளிமையான... எளிமையிலயும் ஒரு கம்பீரம் இருக்கு பாருங்க அம்மா!”

முக்காலி தூளானது. இரண்டாவது நாள் உரல் மூடி போனது. மூன்றாவது நாள் என் மாமியார் வைத்திருந்த அஞ்சறைப்பெட்டி. அறுபத்திரண்டு வயசு மனுஷன், வியர்த்துக் கொட்ட நின்றார்.

“அம்மா, எங்கப்பா என்னைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வாய் எனக்கு வரக்கூடாதுன்னு சின்ன வயசுலயே சத்தியம் பண்ணிக்கிட்டேன்.”

“அந்தக் கதையெல்லாம் எனக்கு எதுக்கு? விறகுன்னு சொல்லுங்க.”

“விற... விற...”

ஏழாவது நாள் “சுமாரான கட்டை” என்று சொல்லுமளவுக்கு வந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. அவர் உள்ளங்கையில் நான் பேனாவால் எழுதிக்கொடுத்தேன்: ‘இது வீணை இல்லை, விறகு. எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போங்கள்.’

கச்சேரியன்று கூட்டம் கொள்ளவில்லை. தவிட்டம்மாள் என்ற பேரை நோட்டீஸில் மாற்றவேண்டும் என்று சபாவில் சொன்னார்கள், முடியாது என்றேன். மேடையில் அவள் உட்கார்ந்தாள், மடியில் வீணை, பின்னால் செயலாளரின் நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லவேண்டும். கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கி, முதுகில் அவர் பேரைச் செதுக்கி, இருபத்தேழு வருஷமாக அவர் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்த நாற்காலி. வண்டு வந்த ஒன்பது வருஷத்தில் அவர் வாய்ப் புகழ் படாத ஒரே மரச்சாமான் அதுதான். பக்கத்தில் வந்தால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்காருவார். இப்படி வாயை அடக்கத் தெரிந்த மனுஷன் ஊரார் மரத்தையெல்லாம் அழித்தாரே என்று எனக்கு எரியும்.

அவள் தோடி வாசித்தாள். எப்படி வாசித்தாள் என்று கேட்காதீர்கள். அரைமணி நேரம் ஆனதும் முதல் வரிசையில் கலியபெருமாள் ஆசாரி தொடையில் அடித்துக்கொண்டு, “சீ! சீச்சீ!” என்றார். பின்வரிசையில் யாரோ விம்மிக்கொண்டே “கண்றாவி” என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து “த்தூ, த்தூ” என்று கேட்டது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. நானூறு பேர் அழுதுகொண்டே என் பெண்ணைக் காறித் துப்பினார்கள்.

முடிந்ததும் வேதமூர்த்தி எழுந்து மைக் முன்னால் வந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வியர்வையில் மை கரைந்து, கை முழுக்க நீலமாக இருந்தது. அவர் முகம் நனைந்திருந்தது. வாயைத் திறந்தார்.

“அடடா,” என்றார், “அடடா, என்ன ஒரு...”

குடத்திலிருந்து ஒரு துளி மஞ்சள் தூள் என் மகளின் புடவையில் விழுந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தேன். எழுந்து கத்தவேண்டும் என்று நினைத்தேன். இருபத்திநாலு வருஷம் திட்டிய வாய் அந்த நேரத்தில் திறக்கவில்லை. என் மகள் இரண்டு கையாலும் வீணையைக் கட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த மனுஷன் சடக்கென்று முதுகைத் திருப்பினார்.

“...நாற்காலி!” என்றார். “என்ன ஒரு நாற்காலி! இப்படி ஒரு நாற்காலியை நான் பிறந்து இன்றுவரை கேட்டதில்லை! இதன் ஒவ்வொரு அங்கத்திலும் நாதம் இருக்கிறது! இதைப் பெற்ற தாய் யாரோ, அவளுக்கு இந்தச் சபை கடமைப்பட்டிருக்கிறது! இந்த விரல்கள், இந்த நாற்காலியின் விரல்கள்...”

வீணைக்கும் என் பெண்ணுக்கும் சேரவேண்டிய வார்த்தை முழுவதையும், ஒன்று பாக்கியில்லாமல், அழுதுகொண்டே அதன்மேல் கொட்டினார். சிங்கமுகம் முதலில் உதிர்ந்தது, அப்புறம் கைப்பிடி, அப்புறம் அவர் பேர். கடைசியில் அவர் பேச்சை முடித்து, “வணக்கம்” சொல்லி, பழக்கத்தில் உட்காரப்போய், மஞ்சள் தூளில் சம்மணம்போட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரைத் திட்ட அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து வீணையை உறையில் போட்டுக்கொண்டே தவிட்டம்மாள் கேட்டாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“கட்டையைத் தட்டுன மாதிரி இருந்துச்சு.”

அவள் உறையின் நாடாவை முடிச்சுப் போட்டாள். “செயலாளர் என்னைத்தான் சொன்னாருன்னு எனக்குப் புரிஞ்சுச்சும்மா. அதுதான் எனக்கு மொத மொதல்ல ஒருத்தர் நல்லதா சொன்னது,” என்றாள். குரலில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இத்தனை வருஷம் எள்ளிய அந்த வாய்ச்சர்க்கரைக்காரர் என் பிள்ளைக்குக் கொடுத்ததை நான் கொடுக்கவில்லை என்று எனக்கு அவமானமாக இருந்தது.

விடிந்ததும், “கிளம்பு,” என்றேன். கொள்ளிடத்துக்குக் கூட்டிப்போனேன். கோடை, நடுவில் தண்ணீர் இல்லை, மைல் கணக்கில் மணல். கரையில் இருந்த ஆலமரத்தைத் தாண்டினோம், பரிசல் கட்டுகிற முளைக்கம்பைத் தாண்டினோம், இன்னும் நடந்தோம். நடுமணலில் நின்று, அவள் கொண்டையில் சொருகியிருந்த மரச்சீப்பை எடுத்துத் தூர எறிந்தேன், என் இடுப்பில் இருந்த குங்குமச் சிமிழையும் எறிந்தேன். அது போதாது என்று கையை வாயில் குவித்து நாலு பக்கமும், “ஏய், மரமே!” என்று கத்திப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்தும் எதிர்ச்சத்தம் வரவில்லை.

“என்னம்மா பண்றே?” என்றாள்.

அவளை மணலில் உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து, குப்பைமேட்டிலிருந்து அவளை எடுத்த நாள் தொடங்கி நேற்று வாசித்த தோடிவரைக்கும், அவளைப் பற்றியும் அந்த வீணையைப் பற்றியும் நான் நினைத்ததை எல்லாம் சொன்னேன். வெயில் ஏறி மணல் சுடுகிறவரை சொன்னேன். அவள் என் மடியில் தலை வைத்துக் கேட்டாள்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். நீங்கள் கையில் வைத்திருப்பது காகிதம், காகிதமும் மரத்தில் செய்கிறதுதான்.